ஒழுகினசேரியின் சிபாரிசுக்காரர்

சிபாரிசுன்னா நம்ம ஊர்ல ரெண்டு அர்த்தம். ஒண்ணு, பெரிய ஆளுகிட்ட லெட்டர் வாங்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறுறது. இன்னொண்ணு, "மக்கா, அந்தப் படத்தைப் பாத்தியா? விட்டுராதே"ன்னு தோளைத் தட்டிச் சொல்றது. இந்தப் பதிவு ரெண்டாவது வகையைப் பத்தினது.

காமெடி பண்றவங்க வாராவாரம் "இதைப் படிங்க, இதைப் பாருங்க, இதுக்குச் சிரிங்க"ன்னு பட்டியல் போடுறது இப்போ உலகம் பூரா ஒரு வழக்கம் ஆயிடுச்சு. நமக்கும் அது பிடிச்சுத்தான் இருக்கு. ஒரு பேராசிரியர் சொன்னா "பாக்கலாம்"னு தள்ளிப் போடுவோம். நம்மளைச் சிரிக்க வச்ச ஆள் சொன்னா உடனே போய்ப் பாப்போம். ஏன் அப்படி? சிரிக்க வச்சவன் மேல நமக்கு ஏன் இவ்வளவு நம்பிக்கை?

இதை யோசிச்சப்போ எனக்கு நினைவுக்கு வந்தவர் எங்க ஊர்க்காரர்தான். நாகர்கோவில் ஒழுகினசேரி, என்.எஸ்.கிருஷ்ணன். கலைவாணர்.

அவரைப் பத்திப் பேசினா ரெண்டு விஷயத்தைச் சொல்லிட்டு எல்லாரும் முடிச்சுக்குவாங்க. ஒண்ணு, "சிரிக்க வைத்தார், சிந்திக்க வைத்தார்". ரெண்டாவது, "கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த வள்ளல்". ரெண்டும் உண்மைதான். ஆனா திரும்பத் திரும்பச் சொல்லி மேடைப் பேச்சு வாசனை வந்துடுச்சு. எப்படிச் சிந்திக்க வச்சார்ங்கற கேள்விக்கு அதுல பதில் இல்ல. என்னோட கட்சி இதுதான்: என்.எஸ்.கே. அடிப்படையில ஒரு சிபாரிசுக்காரர். பள்ளிக்கூடம், ரயில், விஞ்ஞானம், மதுவிலக்கு, காந்தி, திருக்குறள்னு படத்துக்குப் படம் ஜனங்களுக்கு ஒண்ணைக் கைகாட்டிட்டுப் போனார். அப்படிக் கைகாட்டுற வித்தையை அவர் கத்துக்கிட்டது சினிமாவுல இல்ல, எங்க ஊர்க் கோயில் கொடையில.

சுடலைமுத்துவின் மகன்

கலைவாணர் பிறந்தது 1908 நவம்பர் 29. அப்போ நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜாவோட ஆட்சியில இருந்தது. அப்பா பேர் சுடலைமுத்துப் பிள்ளை, அம்மா பேர் இசக்கி அம்மாள். இந்த ரெண்டு பேரையும் இன்னொரு தடவை வாசிச்சுப் பாருங்க. சுடலைமாடன், இசக்கியம்மன். நாஞ்சில் நாட்டிலயும் திருநெல்வேலிப் பக்கமும் கோயில் கொடைன்னா விடிய விடிய வில்லுல பாடுற கதைகள் இவங்களுடையதுதான். அப்பா பேர்லயும் அம்மா பேர்லயும் வில்லுப்பாட்டுக் கதையோட பிறந்த பையன் அவர்.

படிப்பு நாலாங் கிளாஸோட நின்னுபோச்சு. வீட்டுல வறுமை. டென்னிஸ் கோர்ட்டில பந்து பொறுக்கினது, நாடகக் கொட்டகையில தின்பண்டம் வித்ததுன்னு சின்ன வயசு போச்சு. 1920-களின் நடுவுல டி.கே.எஸ். சகோதரர்களோட நாடகக் குழுவுல சேர்ந்தார். அதுக்கப்புறம் அவருக்குப் பள்ளிக்கூடம் நாடக மேடைதான்.

வில்லுப்பாட்டு தெரியாத வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நடுவுல பெரிய வில்லு, அதோட நாணுல மணிகள். தலைமைப் பாடகர் வீசுகோலால நாணைத் தட்டிக்கிட்டே கதை சொல்லுவார். வில்லோட கட்டின குடத்தை ஒருத்தர் அடிப்பார். உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் உண்டு. கருவிகளை விட முக்கியமான ஆள் ஒருத்தர் இருக்கார். பக்கத்துல உக்காந்து "ஆமா" போடுறவர்.

அவரைச் சும்மா தலையாட்டின்னு நினைச்சிராதீங்க. கதை சொல்றவர் ஒரு வரி சொன்னா இவர் "ஆமா"ம்பார். அடுத்த வரிக்கு "அது எப்படி அண்ணே?"ன்னு மடக்குவார். மூணாவது வரியில நக்கல் அடிப்பார். முன்னாடி உக்காந்திருக்குற ஜனங்க மனசுல என்ன சந்தேகம் வரும்னு அவருக்குத் தெரியும். ஜனங்க கேக்க நினைக்கிறதை அவரே கேட்டுருவார். கேள்விக்குப் பதில் சொல்லித்தான் கதை மேல போகணும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்கி வழியற கூட்டத்தை முழிக்க வைக்கிறதும் அவர்தான்.

கலைவாணரோட காமெடி எல்லாத்துக்கும் எலும்புக்கூடு இதுதான்னு நான் நினைக்கிறேன்.

தனியாக ஒரு டிராக்

சினிமாவுக்கு வருவோம். அவருக்கு முதல்ல ஒப்பந்தமான படம் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கின 'சதிலீலாவதி' (1936). எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். எஸ்.எஸ்.வாசனோட கதை. குடி ஒரு குடும்பத்தை எப்படிக் கெடுக்குதுங்கறதுதான் விஷயம். ஆனா அதுக்கு முன்னாடியே 1935-ல டி.கே.எஸ். சகோதரர்களோட 'மேனகா' வெளியாகி, திரையில அவர் முதல்ல வந்த படம் அதுன்னு ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் அவர் செஞ்ச ஒரு காரியம் தமிழ் சினிமாவோட அமைப்பையே மாத்திச்சு. காமெடியைத் தனி டிராக்கா தானே யோசிச்சு, தானே எழுதி, தன்னோட குழுவை வச்சே எடுத்துக் கொடுக்க ஆரம்பிச்சார். மெயின் கதையில ராஜகுமாரி அழுதுக்கிட்டு இருப்பாங்க. நடுவுல சம்பந்தமே இல்லாம இவர் வந்து ஒரு பதினஞ்சு நிமிஷம் கலக்கிட்டுப் போவார். என்.எஸ்.கே. டிராக் இருந்தாத்தான் படம் ஓடும்னு விநியோகஸ்தர்கள் கேட்டு வாங்கின காலம் அது.

சினிமா விமர்சகர்கள் இந்தத் தனி டிராக்கைக் குறையாத்தான் சொல்லுவாங்க. கதையோட ஒட்டலைன்னு. நியாயமான குறைதான். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. மெயின் கதை தயாரிப்பாளருக்குச் சொந்தம், டைரக்டருக்குச் சொந்தம். இந்தப் பதினஞ்சு நிமிஷம் மட்டும் முழுக்க கலைவாணருக்குச் சொந்தம். வாரப் பத்திரிகையில ஒரு பக்கத்தை ஒருத்தர் கையில கொடுத்து "நீ என்ன வேணா எழுதிக்கோ"ன்னு விட்ட மாதிரி. டூரிங் டாக்கீஸ்ல படம் மாற மாற, ஊர் ஜனங்களுக்குக் கலைவாணரோட 'பக்கம்' ஒண்ணு புதுசா வந்துக்கிட்டே இருந்துச்சு.

அந்தப் பக்கத்துல அவர் தனியா இல்ல. 1936-ல 'வசந்தசேனா' படத்துக்காக புனே போனப்போ டி.ஏ.மதுரத்தோட பழக்கம் ஆச்சு, கல்யாணமும் ஆச்சு. ஸ்ரீரங்கத்துக்காரங்க. ஜோடியா அவங்க நடிச்ச காட்சிகளைக் கவனிச்சுப் பாருங்க. கிருஷ்ணன் ஒண்ணை அளப்பார். மதுரம் ஒத்துக்க மாட்டாங்க. "அதெப்படி?"ன்னு இடுப்புல கைவச்சுக் கேப்பாங்க. இவர் சமாளிப்பார், வழிவார், தோப்பார், கடைசியில விஷயத்தைச் சொல்லிட்டுப் போயிடுவார்.

இதுதானே வில்லுப்பாட்டுல நடக்குறது? 'ஆமா' போடுற ஆளோட இடத்துல மதுரம். நம்ம சார்பா சந்தேகம் கேக்குற ஆள். ஒரு விஷயத்தைச் சிபாரிசு பண்றவன் தனியா நின்னு பேசினா அது பிரசங்கம். பக்கத்துல ஒருத்தி நம்ப மறுத்தா, அது பேச்சு. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இந்த வித்தியாசம்தான் கலைவாணரோட மொத்த சாமர்த்தியமும்னு நான் சொல்லுவேன்.

அவங்க ரெண்டு பேரும் பாடின அந்த விஞ்ஞானப் பாட்டு ஞாபகம் இருக்கா? பட்டனைத் தட்டினா இட்லியும் காப்பியும் தட்டுல வந்து நிக்கணும்னு ஆசைப்படுற பாட்டு. விஞ்ஞானம்னா ராக்கெட்டு, அணுகுண்டுன்னு மட்டும் நினைச்ச காலத்துல அவங்க அதை அடுக்களைக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. யாரோட இடுப்பு ஒடியுதோ அவங்களுக்கு அது என்ன பண்ணும்ங்கற கேள்வி. எங்க ஆச்சி வெட் கிரைண்டருக்குக் கடைசி வரைக்கும் 'கிருஷ்ணன் மிஷின்'னுதான் பேர் வச்சிருந்தாங்க. நான் பொட்டி தட்டுற தொழில்ல இருக்கேன். ஒரு புது சாஃப்ட்வேர் யாருக்கு எதுக்குன்னு விளக்க நாப்பது ஸ்லைடு போடுறோம். அவங்களுக்கு ஒரு இட்லி போதுமா இருந்திருக்கு :-)

நந்தன் போன ஊரும் கிந்தன் போன ஊரும்

கலைவாணரோட சிபாரிசுகள்லயே உச்சம்னா அது 'கிந்தனார்'தான். 1949-ல வந்த 'நல்லதம்பி' படத்துல வரும். கதை வசனம் அறிஞர் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. ஃபிராங்க் காப்ரா 1936-ல எடுத்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' படத்தோட தாக்கத்துல எழுதின கதை. திடீர்னு பெரிய சொத்துக்கு வாரிசாகுற ஒரு கிராமத்து ஆள், அதை என்ன செய்றான்ங்கறதுதான் விஷயம். அதுல கலைவாணர்தான் ஹீரோ.

அதுக்குள்ள ஒரு கதாகாலட்சேபம். பாகவதர் வேஷத்துல, பின்பாட்டு பக்கவாத்தியத்தோட, அச்சு அசலா நந்தனார் சரித்திரம் சொல்ற பாணி. ஆனா கதை நந்தனார் இல்ல, கிந்தனார். பாட்டுகள் எழுதினவர் உடுமலை நாராயண கவி.

நந்தனார் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதின கீர்த்தனைகளால ஊர் ஊராப் பரவின கதை. 1935-ல கே.பி.சுந்தராம்பாள் நடிச்சு ஒரு படம், 1942-ல தண்டபாணி தேசிகர் நடிச்சு ஜெமினி எடுத்த படம்னு சினிமாவிலயும் பிரபலம். சேரியில பிறந்த நந்தன் சிதம்பரம் போகணும்னு ஏங்குறான். கடைசியில தீயில இறங்கி 'சுத்தமாகி' கோயிலுக்குள்ள போறான்.

கிந்தனும் சேரிப் பையன்தான். அவன் ஏங்குறது படிப்புக்கு. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரோட கொடுமை தாங்காம பட்டணத்துக்குப் போறான். படிக்கிறான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரா ஆகி, அதே ஊருக்குத் திரும்பி வர்றான்.

ரெண்டு கதையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நந்தன் உள்ள போகணும்னா தீக்குளிக்கணும். கிந்தனுக்குத் தேவைப்பட்டது பரீட்சை. ஏற்கெனவே எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு கதையை எடுத்து, அதோட மெட்டை வச்சுக்கிட்டு, போற ஊரை மட்டும் மாத்திட்டார். கேக்குறவன் மெட்டுக்குத் தலையாட்டிக்கிட்டே புது ஊருக்குப் போய்ச் சேந்துருவான்.

அந்த வருஷத்தையும் யோசிக்கணும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்ல. சுசீந்திரம் கோயில் தெருக்கள்ல எல்லாரும் நடக்கணும்னு 1926-ல சத்தியாக்கிரகம் நடந்த மண் இது. 1936 நவம்பர் 12-ல திருவிதாங்கூர் ராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் போட்டார். 1939-ல மதுரை மீனாட்சி கோயில் திறந்தது. 1947-ல சென்னை மாகாணத்துல ஆலயப் பிரவேசச் சட்டம். ஆக 1949-ல சட்டப்படி கோயில் கதவு திறந்தாச்சு. "சரி, அடுத்த கதவு எது?"ன்னு கேக்குற நேரத்துல கலைவாணர் பள்ளிக்கூடத்தைக் கைகாட்டுறார். சொல்றது யாரு? நாலாங் கிளாஸோட நின்னுபோன ஒருத்தர். தனக்குக் கிடைக்காததை அடுத்தவனுக்குச் சிபாரிசு பண்றப்போ அதுக்கு ஒரு கனம் வந்துடுது.

குறை சொல்றதுன்னா இதைச் சொல்லலாம்: கிந்தனோட கதையைக் கிந்தன் சொல்லல, பாகவதர் வேஷம் போட்ட ஒரு பிள்ளைமார் வீட்டு நடிகர்தான் சொல்றார். கிந்தன்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதிச் சினிமாவா எடுக்க அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் ஆச்சு. அதையும் மறக்காம கணக்குல வச்சுக்கணும்.

ரயில் வராத ஊர்க்காரர் பாடின ரயில்

கிந்தன் பட்டணத்துக்குப் போறது ரயில்ல. அந்த ரயிலைப் பத்தி ஒரு பாட்டே உண்டு. எல்லா ஜாதிக்காரனும் ஒரே பெட்டியில ஒட்டி உக்காந்து போறானே, அது எப்பேர்ப்பட்ட அதிசயம்னு ரயிலைக் கொண்டாடுற பாட்டு. தெருவுல நடக்க விடாதவன், ரயில்ல பக்கத்துல உக்கார விட்டுத்தான் ஆகணும். டிக்கெட்டுக்கு ஜாதி கிடையாது.

இதுல ரெண்டு வேடிக்கை.

ஒண்ணு: கலைவாணர் காந்தி மேல உயிரையே வச்சிருந்தவர். 1948-ல காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நாகர்கோவில்ல சொந்தக் காசுல நினைவுத் தூண் எழுப்பினார். ஆனா காந்தி 1909-ல எழுதின 'இந்திய சுயராஜ்யம்' புத்தகத்துல ரயிலைப் போட்டுத் தாளிச்சிருப்பார். நோய் பரவுது, பஞ்சம் வருது, தீமை வேகமாப் பரவுதுன்னு. கலைவாணர் காந்தியையும் சிபாரிசு பண்ணினார், ரயிலையும் சிபாரிசு பண்ணினார். பிடிச்ச ஆள் சொன்னதுக்காக எல்லாத்தையும் ஏத்துக்கணும்னு இல்லைங்கறதை அவர் தனியாச் சொல்லல, செஞ்சே காட்டிட்டார். அண்ணாவோட சேந்து படம் பண்ணின அதே காலத்துல காந்தி கதையை மேடையில சொன்னவரும் அவர்தான்.

ரெண்டாவது வேடிக்கை எங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் கொஞ்சம் வலிக்கும். அவர் அந்த ரயிலைப் பாடின 1949-ல நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது! எங்க ஆளுங்க ரயில் ஏறணும்னா ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி திருநெல்வேலிக்குப் போகணும், இல்லேன்னா திருவனந்தபுரம் போகணும். திருவனந்தபுரம் - கன்னியாகுமரி பாதை திறந்தது 1979-ல. திருநெல்வேலி - நாகர்கோவில் பாதை 1981-ல. கலைவாணர் பாடி முப்பது வருஷம் கழிச்சுத்தான் ஊருக்கு ரயில் வந்துச்சு. அவர் சிபாரிசு பண்ணினது தன் வாசல்ல இருந்ததை இல்ல, வரணும்னு ஆசைப்பட்டதை.

முப்பது மாசம்

சிபாரிசுக்காரர் மேல ஜனங்க வச்ச நம்பிக்கைக்கு ஒரு பெரிய சோதனை வந்துச்சு. 1944 நவம்பர்ல சென்னையில லட்சுமிகாந்தன்ங்கற பத்திரிகைக்காரர் கத்தியால குத்தப்பட்டு இறந்தார். நடிகர்களைப் பத்தி மஞ்சள் பத்திரிகை நடத்தினவர். அந்தக் கேஸ்ல கலைவாணரும் எம்.கே.தியாகராஜ பாகவதரும் டிசம்பர்ல கைதானாங்க. 1945-ல ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்ற அப்பீல் தோத்துப்போய், லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், கேஸ் திரும்ப சென்னைக்கே வந்து, 1947 ஏப்ரல்ல ரெண்டு பேரும் விடுதலை. போனது ஏறக்குறைய முப்பது மாசம்.

அந்த நாட்கள்ல குழுவைக் கலைய விடாமக் காப்பாத்தினவங்க மதுரம். எஸ்.வி.சகஸ்ரநாமத்தோட சேந்து என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினாங்க. அப்படி மேடையேறின 'பைத்தியக்காரன்' 1947-ல படமாச்சு. விடுதலையாகி வந்த கலைவாணர் அதுல நடிச்சார். ஜெயிலுக்குப் போய் வந்த அனுபவத்தையே அதுல காமெடியாக்கிட்டார்.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே கேஸ், ஒரே தண்டனை, ஒரே விடுதலை. பாகவதர் மறுபடி எழுந்திரிக்கவே இல்ல. 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' கொடுத்த சூப்பர் ஸ்டார் அவர், விடுதலைக்கு அப்புறம் வந்த படங்கள் ஓடல. கலைவாணர் எழுந்துட்டார். ஏன்? காலம் மாறிடுச்சு, பாட்டு ரசனை மாறிடுச்சுன்னு காரணம் சொல்லலாம். எனக்குத் தோணுறது வேற. பாகவதரோட கலைக்கு ஒரு மாசில்லாத பிம்பம் வேணும். அதுல கீறல் விழுந்தா மறைக்கத்தான் முடியும். காமெடியன் கீறலைக் கையில எடுத்துக் காட்டலாம். "எனக்கு என்ன நடந்துச்சு கேளுங்க"ன்னு அவர் ஆரம்பிச்சா ஜனங்க கிட்ட வந்து உக்காருவாங்க. தன்னையே முட்டாளாக் காட்டிக்கிட்ட ஆள்கிட்ட இழக்கறதுக்கு என்ன கௌரவம் இருக்கு? ஆரம்பத்துல கேட்டேனே, சிரிக்க வச்சவன் மேல ஏன் இவ்வளவு நம்பிக்கைன்னு, அதுக்குப் பாதிப் பதில் இதுதான்னு நினைக்கிறேன். அவன் நம்மளை விட உசரத்துல நின்னு பேசல.

'கலைவாணர்' பட்டம் அவருக்குக் கிடைச்சதும் ஜெயிலுக்கு அப்புறம்தான். 1947-ல பம்மல் சம்பந்த முதலியார் கையால. அதே பம்மல் முதலியாரோட 'சந்திரஹரி'யில 1941-ல இவர் நடிச்சிருந்தார். அரிச்சந்திரனைத் தலைகீழாப் போட்ட கதை, உண்மையே பேச மாட்டேன்னு சபதம் எடுத்த ராஜா :-)

கடைசிப் பத்து வருஷம்

மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுக்க வந்தது 1948 அக்டோபர் 2. அதுக்கடுத்த வருஷமே 'நல்லதம்பி'யில அந்தப் பிரச்சாரம். 1951-ல இந்திய சினிமாக் குழுவோட சோவியத் ரஷ்யா போய்ட்டு வந்து, பாத்ததை இங்க வந்து சொன்னார். அதே வருஷம் அவர் இயக்கின 'மணமகள்'ல பாரதியார் பாட்டு ஒலிச்சது. பத்மினி தமிழ்ல கதாநாயகியா வந்ததும் அந்தப் படத்துலதான்.

1952-ல அவர் இயக்கின 'பணம்'. சிவாஜி, பத்மினி, கலைஞர் வசனம். அதுல தீனா, மூனா, கானான்னு மூணு எழுத்தை வச்சு ஒரு பாட்டு. தி.மு.க. ஆரம்பிச்சு மூணு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. தியேட்டர்ல எல்லாருக்கும் எது ஞாபகம் வரும்னு சொல்லவா வேணும்? ஆனா அவர் சொன்ன விரிவு 'திருக்குறள் முன்னணிக் கழகம்'. கேலியும் ஆச்சு, கட்சிக்கு ஒரு கண்ணடிப்பும் ஆச்சு, திருக்குறளுக்கு ஒரு சிபாரிசும் ஆச்சு. ஒரே கல்லுல மூணு மாங்கா.

1956-ல 'ராஜா ராணி'. சிரிப்பையே பாடுபொருளா எடுத்து, சிரிப்புல எத்தனை ரகம்னு ஒவ்வொண்ணாச் சிரிச்சுக் காட்டுவார். வாழ்நாள் பூரா எதை வச்சு மத்ததையெல்லாம் சிபாரிசு பண்ணினாரோ, கடைசியில அதையே சிபாரிசு பண்ணிட்டார்.

அந்த வருஷம் நவம்பர் 1-ல கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தது. திருவிதாங்கூர்ப் பிரஜையாப் பிறந்த கலைவாணர் தன் ஊர் இந்தப் பக்கம் வந்ததைப் பாத்துட்டார். ஆனா பத்து மாசம்தான். 1957 ஆகஸ்ட் 30-ல காலமானார். வயசு நாப்பத்தெட்டு. சென்னை தி.நகர்ல அவர் சிலையை அண்ணா திறந்து வச்சது 1969 ஜனவரி 14. அண்ணா கலந்துக்கிட்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான்னு சொல்லுவாங்க. அடுத்த இருபதாவது நாள் அண்ணாவும் இல்ல.

வில்லு கைமாறியது

கலைவாணர் விட்டுட்டுப் போனதுல எனக்கு ரொம்பப் பெரிசாத் தெரியறது ஒரு ஆள். திருநெல்வேலிப் பக்கம் சத்திரம் புதுக்குளத்துல 1928-ல பிறந்த சுப்பு ஆறுமுகம். அவரைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தவர் கலைவாணர். காந்தி கதையை வில்லுல சொல்லணும்ங்கற கலைவாணரோட ஆசைக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். சுடலைமாடன் கதைக்குக் கட்டின வில்லுல காந்தி ஏறினார். அதுக்கப்புறம் சுப்பு ஆறுமுகம் வானொலியிலயும் மேடையிலயும் அந்த வில்லோடவே வாழ்ந்தார். 2021-ல பத்மஸ்ரீ, 2022 அக்டோபர்ல மறைவு. கலைவாணர் செஞ்ச சிபாரிசுகள்லயே ரொம்ப நாள் நின்னது இந்த மனுஷன்தான்.

சினிமாவுல அந்த வழியில வந்தவர்னு விவேக்கைச் சொல்லணும். 'சின்னக் கலைவாணர்'ங்கற பேரை ஜனங்க சும்மா கொடுக்கல. மூட நம்பிக்கையைக் கிண்டல் பண்ணினார். அப்துல் கலாம் சொன்னதை ஏத்துக்கிட்டு ஊர் ஊராப் போய் லட்சக்கணக்குல மரக்கன்று நட வச்சார். 2021-ல அவர் போனப்போ பல ஊர்ல ஜனங்க அஞ்சலியா மரம்தான் நட்டாங்க. ஒரு காமெடியனோட சிபாரிசு வேர் பிடிச்சுதான்னு பாக்க இதை விட நேரடி சாட்சி வேணுமா?

இப்போ நமக்கு வர்ற சிபாரிசுக்குப் பஞ்சமே இல்ல. காலையில எழுந்ததும் இருபது பேர் இருபது விஷயத்தைத் தள்ளி விடுறாங்க. ஆனா அதுல பக்கத்துல உக்காந்து "அதெப்படி அண்ணே?"ன்னு கேக்குற ஆள் யாரும் இல்ல. கலைவாணர் தனக்கு எதிர்க்கேள்வி கேக்குற ஆளைத் தன் செலவுலயே பக்கத்துல வச்சுக்கிட்டார். மதுரம் கேள்வி கேக்காத ஒரு கிருஷ்ணனைக் கற்பனை பண்ணிப் பாருங்க. ரெண்டே படத்துல போரடிச்சிருக்கும்.

நீங்களும் சிபாரிசு கேப்பீங்கன்னு தெரியும். அதனால இந்த வாரத்துக்கு மூணு:

1. உத்வேகத்துக்கு: 'நல்லதம்பி' படத்துல கிந்தனார். அதுக்கு முன்னாடி நந்தனார் கதையை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கிட்டு உக்காருங்க. அப்பத்தான் எந்த இடத்துல திருப்பிப் போடுறார்னு புரியும்.

2. சிரிப்புக்கு: 'ராஜா ராணி'யில அந்தச் சிரிப்புப் பாட்டு. குடும்பத்தோட பாருங்க. யாரு யாரு எந்த ரகத்துக்குச் சிரிக்கிறாங்கன்னு பக்கத்துல பாத்துக்கிட்டே இருங்க, அது தனிக் காமெடி.

3. சுவாரசியத்துக்கு: ஒரு கோயில் கொடை. நாஞ்சில் நாட்டிலயோ நெல்லையிலயோ வில்லு கட்டுற இடமாப் பாத்துப் போங்க. தலைமைப் பாடகரைப் பாக்காதீங்க, பக்கத்துல 'ஆமா' போடுற ஆளைப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கணும், பரவாயில்லையா?

டிஸ்கி: மூணாவதுக்குப் போறவங்க பாய், போர்வை, கொஞ்சம் காணத் துவையலோட சோறு கட்டி எடுத்துட்டுப் போறது நல்லது. இது என்னோட சொந்த சிபாரிசு. கலைவாணருக்கு இதுல சம்பந்தம் இல்ல.